செயின்சா மில் கட்டையின் மேல் தடையின்றி நகர: மெழுகு, பிளாஸ்டிக் பட்டை, பேரிங், வின்ச் ஆகியவற்றில் எது யாருக்கு?

ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையோடு வரும் காற்றில் பெங்களூரின் தெருவோரத் தூங்குமூஞ்சி மரங்களும் குல்மோகர்களும் ஆண்டுதோறும் சாய்கின்றன. முறைப்படி வாங்கிய அத்தகைய கட்டைகளைத் தாங்களே பலகையாக்க விரும்பும் தச்சர்களும், ஓசூர், கனகபுரா பக்கம் நிலம் வைத்துச் சில்வர் ஓக்கும் மாவும் வளர்ப்பவர்களும் செயின்சாவில் பொருத்தும் சிறிய மில் ஒன்றை வாங்குகிறார்கள். நான்கைந்து கட்டைகளை அறுத்து முடித்ததும் அவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மில் கட்டையின் மேல் நகர மறுக்கிறது, தள்ளித் தள்ளித் தோளும் இடுப்பும் வலிக்கின்றன, அடியில் பிளாஸ்டிக் பட்டை வைப்பதா, பேரிங் வைப்பதா, கையால் சுற்றும் வின்ச் வாங்குவதா?

இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதால்தான் தேர்வு குழப்பமாகிறது. மில்லின் நகர்வைத் தடுக்கும் காரணங்கள் பல. ஒவ்வொரு மாற்றமும் அவற்றில் ஒன்றைத்தான் தீர்க்கும். எந்தத் தடை பெரியது என்று அறியாமல் செலவு செய்தால், விலை உயர்ந்த வின்ச் வாங்கிய பிறகும் மழுங்கிய சங்கிலியைத்தான் இழுத்துக்கொண்டிருப்போம். ஆகவே தடை எங்கே பிறக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு ஒப்பீட்டுக்குப் போகலாம்.

## தடை எங்கே பிறக்கிறது

அலாஸ்கன் மில் என்று பரவலாக அழைக்கப்படும் இவ்வகை மில்லில், செயின்சாவின் பாருக்கு (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டுக்கு) இணையாக, கட்டையின் குறுக்கே இரண்டு அலுமினியச் சட்டங்கள் இருக்கும். இரு முனைகளிலும் உள்ள நிறுத்துக்கால்கள் பாரைப் பிடித்துக்கொண்டு, சட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் அறுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். முதல் அறுப்புக்குக் கட்டையின் மேல் ஓர் ஏணியையோ நேரான பலகையையோ திருகி, அதன் மேல் சட்டங்கள் வழுக்கிச் செல்லும்படி செய்கிறோம். இரண்டாம் அறுப்பிலிருந்து, முன்பு அறுத்த பரப்பே வழியாகிறது.

முதல் தடை, சட்டத்துக்கும் அது உட்கார்ந்திருக்கும் பரப்புக்கும் இடையிலான உராய்வு. ஸ்டில் எம்எஸ் 661 போன்ற 91.1 சி.சி. இன்ஜின் மட்டுமே 7.4 கிலோ, 36 அங்குல பார், சங்கிலி, எரிபொருள், ஆயில், மில் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 18 கிலோ ஆகும். பச்சை மரத்தின் மேல் அலுமினியத்தின் உராய்வுக் கெழுவை 0.4 என்று வைத்துக்கொண்டால், அறுக்காமல் வெறுமனே நகர்த்துவதற்கே 7 கிலோவுக்கு மேற்பட்ட விசை வேண்டும். மரத்தின் சாறும் தூளும் சேர்ந்து சட்டத்தின் அடியில் பசைபோல் படிந்துவிட்டால் இது இன்னும் கூடும். பலாக்கட்டையை அறுத்தவர்களுக்கு அந்தப் பால் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பலரும் கவனிக்காமல் விடும் பக்கவாட்டு உராய்வு. மில்லில் பார் படுக்கைவாட்டில் இருக்கிறது. மரத்தில் பதியும் பக்கத்தில் சங்கிலி இன்ஜினை நோக்கி ஓடுகிறது. மரத்தைக் கடிக்கும் ஒவ்வொரு பல்லும் இன்ஜினைக் கட்டையை நோக்கி இழுப்பதால், இன்ஜின் பக்க நிறுத்துக்கால் கட்டையின் பக்கத்தில் அழுந்தி, மரப்பட்டையின் மேடுபள்ளங்களில் தேய்ந்துகொண்டே முன்னேறுகிறது. அறுத்து முடித்த கட்டையின் அந்தப் பக்கத்தில் நீளவாக்கில் பளபளப்பான தேய்ப்புத் தடம் தெரிந்தால், உங்கள் உழைப்பில் கணிசமான பங்கு அங்கே போயிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, தட்டுத் தடங்கல்கள்: மேலே துருத்தும் திருகுத் தலை, ஏணிப் படியின் விளிம்பு, சட்டத்தின் மழுங்காத முனை. நான்காவது, அறுப்பதற்கான தடையே. மரத்தின் நார் ஓடும் திசையில் அறுக்கும் நெடுக்கறுப்பு, குறுக்கறுப்பைவிட இன்ஜினுக்குக் கடினமானது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றின் அடர்த்தி குறைந்து, இன்ஜின் தன் முழுச் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. சென்னையில் ஓடும் அதே இயந்திரம் இங்கே சற்றுத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நான்காவது தடைக்கு மருந்து சட்டத்தின் அடியில் இல்லை; கூர்மையான, பல் கோணம் 10 பாகையளவில் தீட்டிய நெடுக்கறுப்புச் சங்கிலியில்தான் இருக்கிறது. கடையில் வரும் சாதாரணக் குறுக்கறுப்புச் சங்கிலியின் கோணம் பெரும்பாலும் 30 பாகை.

## செலவுக்கு முன் ஓர் அளவை

பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று போதும். அறுப்பு பாதி வழி போனதும், வெட்டு வாயில் ஆப்பு வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பிறகு தராசின் கொக்கியை மில்லின் நடுவில் மாட்டி, வந்த வழியே பின்னோக்கி மெதுவாக இழுத்து, சீராக நகரும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். சங்கிலி ஓடாததால் அறுப்புத் தடையும் பக்கவாட்டு இழுப்பும் இதில் சேராது. கிடைப்பது பெரும்பாலும் சட்டத்தின் உராய்வுதான்.

தராசு 6, 7 கிலோ காட்டினால் அடியில் செய்யும் மாற்றம் பலன் தரும். 3 கிலோவுக்குள் காட்டியும் அறுக்கும்போது முழு உடலாலும் தள்ள வேண்டியிருந்தால், குறை சங்கிலியிலோ பக்கவாட்டு உராய்விலோ இருக்கிறது. தூள் மாவாக விழுந்து, வெட்டு வாயில் புகை வாசனை வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. தெருமரத்தில் விளம்பரத் தட்டிக்காக அடித்த ஆணிகளும் கேபிள் கட்டிய கம்பிகளும் உள்ளே புதைந்திருப்பதால், நகரத்துக் கட்டைகளில் இது அடிக்கடி நேரும். அறுக்கும் முன் உலோகம் கண்டறியும் கருவியால் கட்டையை ஒருமுறை தடவிப் பார்ப்பது எந்த மாற்றத்தையும்விட மலிவான உதவி.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

இழுவை எவ்வளவு குறைகிறது என்பது முதல் அளவுகோல்; ஆனால் அது மட்டுமே அளவுகோல் ஆகாது. மில்லின் வேலை தட்டையான பலகை தருவது. நகர்வு எளிதாகி, பலகையில் அலை விழுந்தால், மிச்சப்பட்ட உழைப்பு முழுவதும் இழைப்புளிக்குப் போய்விடும். ஆகவே பரப்பின் சமம் இரண்டாவது. முதல் அறுப்பில் மட்டும் உதவுகிறதா, ஒவ்வோர் அறுப்பிலும் உதவுகிறதா என்பது மூன்றாவது. தூள், சாறு, வெயில் ஆகியவற்றைத் தாங்குமா, அறுப்பின் ஆழத்திலோ அகலத்திலோ எவ்வளவு பறிபோகிறது, இயந்திரத்தின் மேல் கையின் பிடி குறைகிறதா என்பவை மற்றவை. விலையைக் கடைசியில் வைப்பேன். ஏனென்றால் வின்ச்சையும் புதிய வழிச்சட்டத்தையும் தவிர இங்கே பேசப்போகும் எல்லாமே ஒரு நல்ல நெடுக்கறுப்புச் சங்கிலியின் விலைக்குள் அடங்கும்.

## மெழுகும் துடைப்பும்

செலவே இல்லாத வழி இதுதான். எல்லோரும் தொடங்க வேண்டிய இடமும் இதுதான். ஒவ்வோர் அறுப்புக்கும் பிறகு சட்டத்தின் அடியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் சாதாரண மெழுகுவர்த்தியைச் சட்டத்திலும் வழிப்பலகையிலும் அழுத்தித் தேய்த்தால் உராய்வு உடனே குறைவதைத் தராசிலேயே பார்க்கலாம். பலாப்பால் படிந்திருந்தால், சமையலறையில் செய்வதுபோலத் தேங்காய் எண்ணெய் தடவிக் கரைத்துவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு, விடாமல் செய்ய வேண்டும் என்பதே. ஒரு நீண்ட அறுப்பின் பாதியிலேயே மெழுகு தேய்ந்துவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே அதைவிட நன்றாக வழுக்கும். ஆனால் அதை மரத்தின் அருகில் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிகச் சிறிதளவு சிலிக்கான் மரத்தில் ஏறினாலும், பின்னால் பாலிஷோ பாலியூரித்தேனோ அடிக்கும்போது பூச்சு விலகி வட்டவட்டமான குழிகள் விழும். உப்புத்தாள் தேய்த்தும் அது எளிதில் போகாது. சாப்பாட்டு மேசைக்காக அறுக்கும் பலகையில் அந்தச் சேதம் வேண்டாம்.

## சட்டத்தின் அடியில் பிளாஸ்டிக் பட்டை

பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்; ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

யூ.எச்.எம்.டபிள்யூ. எனப்படும் மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎதிலீனின் உராய்வுக் கெழு பொதுவாக 0.1 முதல் 0.2 வரை இருக்கும். மேலே கண்ட 18 கிலோ கணக்கில் 0.15 என்று வைத்தால், 7 கிலோவுக்கு மேல் இருந்த இழுவை 3 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும். இது நீரை உறிஞ்சுவதில்லை என்பதால் பச்சைக் கட்டையின் ஈரத்தில் ஊதாது; நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும் என்பதால் அதே கடையில் மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. டெஃப்ளான் இன்னும் நன்றாக வழுக்கும், ஆனால் மென்மையானது. மரத்தூளும் மண்ணும் அதை விரைவில் தேய்த்துவிடும். பீன்யாவின் தொழிற்பேட்டைப் பக்கம் இன்ஜினியரிங் பிளாஸ்டிக் விற்கும் கடைகளில் 6 மில்லிமீட்டர் தாளைக் கேட்ட அகலத்தில் வெட்டித் தருவார்கள். முதலில் சோதித்துப் பார்க்க மட்டும் விரும்பினால், காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகையை வாங்கிப் பட்டையாக அறுத்துக்கொள்ளலாம். அவற்றில் பல எச்.டி.பி.ஈ. எனப்படும் உயர் அடர்த்தி பாலிஎதிலீன் வகை, தேய்மானம் கூடுதலே தவிர வழுக்குவதில் பெரிய குறை இல்லை.

பொருத்தும்போது மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, இந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. எத்தனை நல்ல எபாக்சியாக இருந்தாலும் சில அறுப்புகளில் உரிந்துவிடும்; திருகித்தான் பொருத்த வேண்டும். திருகுத் தலை பிளாஸ்டிக்கின் பரப்புக்குக் கீழே குறைந்தது 2 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும்படி குழி வெட்ட வேண்டும்; இல்லையென்றால் பட்டை தேயும்போது திருகு மரத்தைக் கீறத் தொடங்கும்.

இரண்டாவது, வெப்ப விரிவு. பாலிஎதிலீன் அலுமினியத்தைப் போலப் பல மடங்கு விரியும். 600 மில்லிமீட்டர் நீளப் பட்டை, குளிர்ந்த காலையிலிருந்து வெயிலில் கிடந்த மதியம் வரை 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதே நேரத்தில் அலுமினியச் சட்டம் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. எல்லாத் துளைகளையும் வட்டமாகப் போட்டு இறுக்கிவிட்டால் பட்டை திருகுகளுக்கிடையே வில்லாக வளைந்து, மில் ஆடத் தொடங்கும். நடுத் துளையை மட்டும் வட்டமாக வைத்து, மற்றவற்றை நீள்வட்டமாக வெட்டி, அந்தத் திருகுகளைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும். கைத் துளையிடும் கருவியால் அடுத்தடுத்து இரண்டு துளைகள் போட்டு அரத்தால் இணைத்தாலே இது முடிந்துவிடும்.

மூன்றாவது, பட்டையின் முன் விளிம்பு. சட்டங்கள் கட்டையின் குறுக்கே கிடப்பதால் ஒவ்வொன்றும் தூளை வழித்துக்கொண்டு போகும். விளிம்பு செங்குத்தாக இருந்தால் தூள் முன்னால் குவிந்து அடியில் புகும். விளிம்பைச் சரித்து உருட்டினால் சிறு மேடுகளை ஏறிக் கடக்கும்.

மறைந்திருக்கும் செலவு ஆழத்தில் வருகிறது. 6 மில்லிமீட்டர் பட்டை சட்டத்தை உயர்த்தும்போது பாரும் சேர்ந்து உயர்கிறது. நிறுத்துக்காலில் உள்ள அளவுக்குறி 50 மில்லிமீட்டர் காட்டினாலும் பலகை 44 மில்லிமீட்டர்தான் வரும். இதை மனக்கணக்காக வைத்துக்கொள்ளாமல், அளவுக்குறியின் மேல் புதிய நாடா ஒட்டிக் குறித்துவிடுவது நல்லது. சட்டத்தில் துளை போடுவதால் சில விற்பனையாளர்களின் உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்பதையும் வாங்கிய இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

## சட்டத்தின் அடியில் பேரிங்

படத்தில் மிகக் கவர்ச்சியாகத் தெரியும் மாற்றம் இது. ஸ்கேட்டிங் சக்கரங்களில் வரும் 608 வகை பேரிங், 8 மில்லிமீட்டர் துளையும் 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்டது. ஒன்று நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நான்கு மூலைகளிலும் வைத்துவிட்டால் விரலால் தள்ளலாம் என்று தோன்றும். மேசையின் மேல் அது உண்மையும்கூட.

கட்டையின் மேல் நிலைமை வேறு. 7 மில்லிமீட்டர் அகலமுள்ள சக்கரத்தின் கீழ் எடை ஒரு கோட்டில் குவிகிறது. பச்சையான வெள்ளை மரத்தில் அது பள்ளம் பதிக்கும். உதிர்ந்த தூளின் மேல் ஏறும்போது மில் உயர்கிறது, இறங்கும்போது தாழ்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பார் அப்படியே கீழே பலகையில் எழுதிவிடுகிறது. அகலமான பட்டை இத்தகைய சிறு குறைகளைப் பாலம்போல் கடந்துவிடும், சக்கரத்தால் அது முடியாது. ஏணியை வழியாக வைத்து, சக்கரங்கள் அதன் பக்கச் சட்டங்களில் சரியாக உட்காராவிட்டால் படிகளுக்கிடையே விழும். நான்கு பேரிங்குகளும் ஒரே தளத்தில் இல்லையென்றால் மில், கால் சமமில்லாத நாற்காலிபோல் ஆடும். அதைச் சரிசெய்ய மெல்லிய வாஷர்களோடு லேத் பட்டறையில் பாதி நாள் உட்கார வேண்டியிருக்கும். உலோக மூடியிட்ட வகையில் நுண்தூள் புகுந்து பிடித்துக்கொள்வதால், ரப்பர் மூடியிட்ட 608-2ஆர்எஸ் வகையைத்தான் வாங்க வேண்டும்.

ஒரே சூழலில் பேரிங் பட்டையை வெல்கிறது: ஒவ்வோர் அறுப்புக்கும் அறுத்த மரப்பரப்பின் மேல் ஓட்டாமல், கட்டையின் மேலோ பக்கத்திலோ நிலையாகப் பொருத்திய உலோக வழிச்சட்டத்தின் மேலேயே ஓட்டுபவர்களுக்கு. ஒரே இடத்தில் கொட்டகை போட்டு, ஒரே அளவுக் கட்டைகளை மாதக்கணக்கில் அறுப்பவர்கள் அப்படி அமைத்துக்கொள்ளலாம். கட்டை கிடக்கும் இடத்துக்கே மில்லைத் தூக்கிச் செல்பவர்களுக்கு இது பொருந்தாது.

## இன்ஜின் பக்க நிறுத்துக்காலில் ரோலர்

அதே பேரிங்கை இன்ஜின் பக்க நிறுத்துக்காலின் உட்புறத்தில், அச்சு செங்குத்தாக இருக்கும்படி பொருத்தினால் அதன் பயன் முற்றிலும் வேறு. முன்பு சொன்ன பக்கவாட்டு அழுத்தத்தை அது உருண்டு தாங்கிக்கொள்கிறது. இங்கே மேடுபள்ளம் இருந்தாலும் பலகையின் தடிமன் மாறாது. மில் சில மில்லிமீட்டர் இடமும் வலமும் நகரும், அவ்வளவுதான். ஆகவே பேரிங்கின் குறைகள் எதுவும் இங்கே தீங்கு செய்வதில்லை. இரண்டு மூன்று பேரிங்குகளை ஒரே போல்ட்டில் அடுக்கினால் அழுத்தம் பரவி, மரப்பட்டையில் புதைவதும் குறையும்.

இதற்கு விலையாகக் கொடுப்பது அறுப்பின் அகலம். ரோலர் கட்டைக்கும் நிறுத்துக்காலுக்கும் நடுவே இடம் பிடிப்பதால், 25 மில்லிமீட்டர் அளவுக்குப் பாரின் பயன் நீளம் போய்விடும். பாரின் முழு நீளத்தையும் பயன்படுத்தி அகலமான கட்டையை அறுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ரோலர் ஓடும் பக்கத்தில் தளர்ந்த மரப்பட்டையை முன்கூட்டியே செதுக்கி எடுத்துவிடுவதும் அவசியம். அந்த வேலையோடு பட்டையில் ஒட்டிய மண்ணும் போய்விடுவதால் சங்கிலியின் கூர்மையும் நீடிக்கும்.

## வழிப்பலகையை மாற்றுதல்

முதல் அறுப்பில் மட்டும் தொல்லை என்றால் குறை வழியில் இருக்கிறது. மரப்பலகை மலிவானது, ஆனால் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு எல்லாப் பலகைகளுக்கும் கைமாறும். அலுமினிய ஏணி எளிதில் கிடைக்கும், இலேசானது. நீளமான கட்டையில் நடுவில் தொய்யும் என்பதால் அடியில் ஆப்பு வைத்துத் தாங்க வேண்டும். 40க்கு 80 மில்லிமீட்டர் அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் இரண்டை இணைத்துச் செய்யும் வழிச்சட்டம் நேராகவும் உறுதியாகவும் இருக்கும், செலவு அதிகம். எதைத் தேர்ந்தாலும் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டையின் இரு முனைகளிலும் ஓர் அடியாவது வெளியே நீண்டிருக்கும்படி பொருத்துங்கள். நுழையும்போதும் வெளியேறும்போதும் மில் தலை சாய்ந்து பலகையின் முனைகளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த நீட்டம் இல்லாததால்தான்.

## கட்டையைச் சரித்தலும் வின்ச்சும்

2.4 மீட்டர் கட்டையின் தொடக்க முனையை 30 சென்டிமீட்டர் உயர்த்தினால், 18 கிலோ மில்லின் எடையில் 2.25 கிலோ அளவு இழுவை கீழ்நோக்கிக் கிடைக்கும். பிளாஸ்டிக் பட்டையோடு சேரும்போது உராய்வு ஏறக்குறைய முழுவதும் ஈடாகி, நம் கை சங்கிலிக்கு மட்டும் வேலை செய்கிறது. இந்த இணைப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள அத்தகைய பச்சைக் கட்டை முக்கால் டன்னை நெருங்கும். அதை உயர்த்த ஹைட்ராலிக் ஜாக்கியும், உருளாமல் தடுக்கும் ஆப்புகளும், இன்னொருவர் துணையும் வேண்டும். அடியில் பேரிங் வைத்தவர்கள் கட்டையைச் சரிக்கக் கூடாது. மில் தானாக ஓடத் தொடங்கினால் இன்ஜினைப் பிடித்திருக்கும் கைக்கு ஆபத்து.

வின்ச் எனும்போது, கட்டையின் மறுமுனையில் திருகி, கயிற்றால் மில்லைத் தன்பக்கம் இழுக்கும் கைச்சுற்றுக் கருவியைச் சொல்கிறேன். சில ஆயிரம் ரூபாய் ஆகும். குனிந்து தள்ளும் வேலை முற்றிலும் போய்விடுகிறது. புகையிலிருந்தும் தூளிலிருந்தும் விலகி நிற்கலாம். ஒரே வேகத்தில் இழுப்பதால் அறுத்த பரப்பு மற்ற எல்லா வழிகளையும்விடச் சமமாக வருகிறது. கயிற்றை மில்லின் ஒரு முனையில் மட்டும் கட்டினால் அது கோணலாகத் திரும்பும். இரு முனைகளிலிருந்தும் வரும் கயிற்றை நடுவில் ஒரு கப்பி வழியாக விட்டால் இழுவை சமமாகப் பிரியும்.

இதன் மறைவான செலவுகள் கவலைக்குரியவை. கையால் தள்ளும்போது சங்கிலி மழுங்குவதை உடல் உடனே உணரும். வின்ச்சின் பற்சக்கரம் அந்த உணர்வை மறைத்துவிடும். மழுங்கிய சங்கிலியை வின்ச்சால் வலிந்து இழுத்தால் இன்ஜின் சுற்று குறைந்து சூடேறும், பார் தேயும். இரண்டாவது, இன்ஜினிலிருந்து விலகி நிற்பதால் இன்ஜினின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் விசையை அழுத்திப் பிடிக்க ஏற்பாடு வேண்டும். விசையைக் கயிற்றால் கட்டிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஏதேனும் நேர்ந்தால் நிறுத்த வழியில்லை. சைக்கிள் பிரேக் கம்பியும் கைப்பிடியும் வைத்து, கையை விட்டதும் விசை தானாகத் தளரும்படி அமைத்த பிறகே வின்ச்சைப் பயன்படுத்த வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | குறைக்கும் தடை | பலகைப் பரப்பு | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| மெழுகு, துடைப்பு | சட்ட உராய்வு, சிறிது நேரம் | மாற்றமில்லை | ஒவ்வோர் அறுப்பிலும் செய்ய வேண்டும் | எல்லோருக்கும் |
| பிளாஸ்டிக் பட்டை | சட்ட உராய்வு, எல்லா அறுப்பிலும் | சிறு மேடுகளைக் கடப்பதால் சீராகும் | ஆழத்தில் 6 மி.மீ., அளவுக்குறி மாறும் | கட்டை இருக்கும் இடத்துக்குச் செல்பவர்கள் |
| அடியில் பேரிங் | சட்ட உராய்வு, உலோக வழியில் மட்டும் | மரத்தின் மேல் அலை விழும் | சமதளப்படுத்தும் வேலை | நிலையான கொட்டகை |
| பக்க ரோலர் | பக்கவாட்டு உராய்வு | மாற்றமில்லை | அகலத்தில் 25 மி.மீ. | பெரும்பாலோருக்கு |
| புதிய வழிச்சட்டம் | தட்டுத் தடங்கல், முதல் அறுப்பு | எல்லாப் பலகையும் நேராகும் | தூக்கிச் செல்லும் சுமை | நீளமான கட்டை அறுப்போர் |
| வின்ச் | தள்ளும் உழைப்பு முழுவதும் | மிகவும் சமம் | மழுங்கலை மறைக்கும், விசை ஏற்பாடு | அகலமான கட்டையைத் தனியாக அறுப்போர் |

## யார் எதில் தொடங்கலாம்

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ சிறு பட்டறை வைத்து, ஆண்டுக்குச் சில கட்டைகள் மட்டும் அறுப்பவர் மெழுகும் பிளாஸ்டிக் பட்டையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. மிச்சப் பணத்தை இரண்டாவது நெடுக்கறுப்புச் சங்கிலிக்கும் வட்ட அரத்துக்கும் கொடுத்தால், ஆணி தட்டும் நாளில் வேலை நிற்காது.

ஓசூர்ப் பக்கத் தோப்பில் சில்வர் ஓக் அறுப்பவருக்குக் கட்டைகள் நேராகவும் ஓரளவு ஒரே பருமனாகவும் இருக்கும். அகலம் அவருக்குப் பிரச்சினையில்லை என்பதால் பட்டையோடு பக்க ரோலரையும் தயங்காமல் சேர்க்கலாம். நிலத்திலேயே இயற்கையான சரிவு இருந்தால் கட்டையை உயர்த்தும் சிரமமும் இல்லை. மரத்தைச் சாய்க்கும்போதே எந்தத் திசையில் விழ வேண்டும் என்பதை அறுப்பையும் மனத்தில் வைத்துத் திட்டமிடலாம்.

தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டையை முழு அகலப் பலகைகளாக எடுக்க விரும்புபவரின் நிலைதான் கடினமானது. பாரின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் தேவை என்பதால் பக்க ரோலரை அவர் வைக்க முடியாமல் போகலாம். அறுப்புத் தடையும் அகலத்தோடு கூடிக்கொண்டே போகும். அவருக்கு பிளாஸ்டிக் பட்டையும், உறுதியான வழிச்சட்டமும், சரியான விசைக் கட்டுப்பாட்டோடு வின்ச்சும் சேர்ந்தே வேண்டும். நிறுத்துக்காலில் ரோலருக்குப் பதில் அதே பிளாஸ்டிக்கில் ஒரு துண்டைத் திருகிக்கொண்டால் 6 மில்லிமீட்டர் இழப்போடு பக்கவாட்டு உராய்வும் ஓரளவு தணியும்.

பட்டை வைத்த பிறகு சில கட்டைகளுக்கு ஒருமுறை தொங்கு தராசால் இழுவையை மீண்டும் அளந்து, மில்லிலேயே எழுதி வையுங்கள். இன்ஜினின் எடை ஒரு பக்கம் இருப்பதால் பட்டை அந்தப் பக்கத்தில் முதலில் தேயும். திருகுத் தலைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மிஞ்சும்போது பட்டையைக் கழற்றி, முனை மாற்றித் திருப்பிப் போட்டால் இன்னொரு காலம் உழைக்கும்; இதற்காகவே துளைகளை நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரத்தில் போட்டுவிடுவது நல்லது. திருப்பிய பட்டையும் அதே அளவுக்குத் தேய்ந்தால் புதியதை வெட்டிக்கொள்ள வேண்டும். அப்போது அளவுக்குறி நாடாவையும் புதிய தடிமனுக்கு ஏற்பச் சரிபார்த்து ஒட்டுங்கள்.